டீ வாங்கி வரச் சொல்லாத நாள்

திண்டிவனம்
9.11.2013

அன்புள்ள தமிழ்மொழிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம், உனக்குப் புனே குளிர் பழகியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு நாள் நான் சொல்லாமல் விட்டது சின்ன வாக்கியம்தான்: போய் டீ வாங்கிட்டு வா. இதை உன்னிடம்கூடச் சொன்னதில்லை. உனக்குக் கீழே முப்பது பேர், யாருக்காகவும் விதியைத் தளர்த்த மாட்டாள் என்று மேலிடத்தில் நல்ல பெயர் என்று எழுதியிருந்தாய், படித்ததிலிருந்து மனசு நிலைகொள்ளவில்லை.

2004இல் இங்கே ஷூ கம்பெனியில் நான் சூப்பர்வைசர். வேலை நேரத்தில் வெளியே போக மேனேஜர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும், டீ வாங்கப் போகிறவர்களுக்கு மட்டும் வேண்டாம். வாட்ச்மேன் தட்சிணாமூர்த்தி, "டீத்தூக்கைக் காட்டினா கேட்டு தொறக்கும், இல்லன்னா கலெக்டரா இருந்தாலும் சீட்டு எங்கன்னுதான் கேப்பேன்" என்று கிண்டல் செய்வார். ஒரு நாள் பதினோரு மணிக்குத் தையல் மெஷினை விட்டு கோவிந்தம்மாள் ஓடி வந்தாள். "அக்கா, எங்க வூட்டுக்காரு லாரி மேலேர்ந்து வுழுந்துட்டாராம், விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில என்னைத்தான் கேட்டுக்கினு இருக்காராம், வுடுக்கா" என்றாள். மேனேஜர் இருதயராஜ் சார் சென்னை போயிருந்தார், போன் எடுக்கவில்லை. சார் வரட்டும், கையெழுத்து இல்லாமல் நான் எப்படி விடுவது என்றேன். டீத்தூக்கு என் மேசைமேல் இருந்தது, அதன் பிடியில் கை வைத்துக்கொண்டுதான் அதைச் சொன்னேன். அந்தச் சின்ன வாக்கியம் அப்போது தோன்றவில்லையா, தோன்றியும் வாயை மூடிக்கொண்டேனா, இன்றுவரை எனக்கே தெரியாது. அவள் அழாமல் போய்த் தைத்தாள். பக்கத்து மெஷின் ஜெசிந்தா, "இவங்க சீட்டுக்குத்தான் சூப்பர்வைசரு, நமக்கு இல்லடி" என்று என் காதில் விழும்படி சொன்னாள். சார் வந்து கையெழுத்துப் போட்டபோது மணி ஒன்றே முக்கால். இப்போதும் எங்காவது தூக்கு மூடி சத்தம் கேட்டால் எனக்கு மணி பதினொன்று ஆகிவிடுகிறது.

விதியை மீறு என்று சொல்லவில்லை கண்ணு. முடியாது என்று சொல்வதற்கு முன் உன் மேசையை ஒருமுறை பார். வழி தெரியாவிட்டால் எதிரில் நிற்கிறவர்களையே கேள், அந்தக் கேட்டில் தினமும் போய் வருகிறவர்களுக்கு உன்னைவிடத் தெரியும்.

நீயும் நன்றாயிரு, உன்னை நம்பி நிற்கிற முப்பது பேரும் நன்றாயிருக்கட்டும். வறுத்த மல்லாட்டை அனுப்பியிருக்கிறேன், நம்ம ஊர்க் கடலை, நமுத்துப்போவதற்குள் அவர்களுக்கும் கொடு.

கோவிந்தம்மாளின் கணவர் ஒன்றேகால் மணிவரை பேசிக்கொண்டிருந்தாராம். அவள் போய்ச் சேர்ந்தது மூன்று மணிக்கு. காரியம் முடிந்து பதினேழாம் நாள் வேலைக்கு வந்தாள், பதினோரு மணிக்குத் தூக்கை எடுத்துக்கொண்டு போனாள், வந்து முதல் டீயை எனக்கு ஊற்றினாள்.

உன் அம்மா
செண்பகம்