தோலுக்கடியில் ஒரு காவல்காரன்

ஜூன் 3, செவ்வாய்

மழை. நோர்வூட் கடைத்தெரு மேகத்துக்குள். இடது மேற்கையில் வலி. பல்வலி மாதிரி, பல் இல்லாத இடத்தில்.

நேற்று கொழும்பில் தோலைக் கீறி சென்சரை உள்ளே வைத்தார்கள். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. என் இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று ஓயாமல் பார்ப்பது அதன் உத்தியோகம். அதற்கு நேர் மேலே தோலில் ஒரு கறுப்பு வில்லை ஒட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே இருப்பது சொல்வதை அது போனுக்குச் சொல்லும். சீனி இறங்கினால் கையில் அதிரும்.

முன்பெல்லாம் சீனி இறங்கினால் எனக்கே தெரியும். வியர்க்கும், நடுங்கும், உடனே வாயில் ஒரு டொபி மிட்டாய். இருபது வருட இன்சுலினுக்குப் பிறகு உடம்பு அந்தச் சேவையை நிறுத்திவிட்டது, முன்னறிவித்தல் இல்லாமல். போன மாதம் மஸ்கெலியா பஸ்ஸில் உட்கார்ந்தபடியே நினைவு போனது. தூங்குகிறேன் என்று நினைத்து, பக்கத்தில் இருந்தவர் என் குடையை மட்டும் பத்திரமாக நிமிர்த்தி வைத்தாராம்.

இன்று சென்சருக்காகச் செய்ய வேண்டியது: ஒன்றுமில்லை. ஒரு நாள் அது உள்ளே கிடந்து பழக வேண்டும். வில்லையை சார்ஜ் பண்ணினேன். கையேடு படித்தேன். ஆறு மொழியில் இருக்கிறது, தமிழ் இல்லை. நூலகத்தில் வேலை பார்ப்பவளுக்கு இது புதிதல்ல.

பயம் இருக்கிறது. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஜூன் 4, புதன்

மழை விட்டது. பத்து மணிக்கு வெயில்கூட.

சென்சருக்குப் பாடம். தானாக அதற்கு ஒன்றும் தெரியாது. விரலில் குத்தி, சின்ன மெஷினில் பார்த்து, அந்த எண்ணைப் போனில் போட வேண்டும். அதை வைத்து அது தன்னைத் திருத்திக்கொள்ளும். இன்று நான்கு முறை, நாளையிலிருந்து காலை, மாலை. சவர்க்காரம் போட்டுக் கை கழுவு. நன்றாகத் துடை. சாப்பிட்ட கையோடு குத்தாதே. சீனி ஏறும்போதோ இறங்கும்போதோ குத்தாதே. கிட்டத்தட்ட ஒரு விரதம்.

நான்கும் ஒழுங்கு. மாலையில் மெஷின் 126, சென்சர் 129. கண்ணில் நீர் வந்தது. வெங்காயமும் அப்போதுதான் அரிந்தேன்.

ஜூன் 5, வியாழன். (மாலை எழுதுவது. எழுத்து கோணல்.)

காலையில் நல்ல குளிர். கை கழுவினேன், துடைத்தேன், குத்தினேன். இரத்தம் வரவில்லை.

வீ.கா. (வீட்டுக்காரர், தொழிற்சாலையில் மெக்கானிக், நல்ல மனிதர்) வழக்கம்போல அடுப்படியில். ஒரு கையில் பால் இல்லாத சாயத்தண்ணி, மற்ற உள்ளங்கையில் சீனி. ஒரு நக்கு, ஒரு மிடறு. சீனியைத் தேத்தண்ணியில் போட்டுக் கலக்குவது இரண்டையும் கெடுப்பது என்பது அவர் கட்சி.

"குடு இங்க. கையா இது, தண்ணித் தொட்டியில கெடந்த பாவக்காயா?"

"குளிருதுங்க."

கிளாஸை வைத்துவிட்டு, என் கையை இரு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். சுகமாக இருந்தது. விரலைப் பிதுக்கினார். இரத்தம் வந்தது.

283.

சென்சரோ 131 என்றது. போன் சந்தேகப்பட்டு இன்னொரு முறை குத்தச் சொன்னது. அதே கையில் அடுத்த விரல். 276.

"ராத்திரி என்னா சாப்பிட்ட, புஷ்பா?"

"நீங்க போட்டுக் குடுத்த ரெண்டு ரொட்டிதான்."

"மூணாவது?"

"அது நீங்க தின்னது."

சாட்சிகள் இருவர். சென்சர் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. பதவியில் நீடிக்க விரும்பும் எவரும் செய்வதுதான். நான் அதிகமாக ஆறு யூனிட் இன்சுலின் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அதன் பிறகு எனக்கு ஞாபகம் இல்லை. எதிர்க்கடை காதர் நானா சொன்னதிலிருந்து எழுதுகிறேன். தினமும் பத்தரைக்கு பேப்பர் பார்க்க நூலகத்துக்கு வருவார்.

"மிஸ், பேப்பருக்கு எதுக்கு சீல் அடிக்கிறீங்க?"

நான் சொன்னேனாம்: "திகதி பிந்திருச்சு, நானா."

"இன்னைக்கு வந்த பேப்பர் மிஸ் அது."

"எல்லாம் பிந்திருச்சு."

அவர் சிரித்தாராம். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாராம். நான் அடுத்ததாக மேசைக்கு சீல் அடித்தேன். அவருடைய வாப்பாவுக்கும் இந்த வியாதி. என் பையிலிருந்த டொபி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக உரித்து வாயில் வைத்து, கன்னத்தைத் தட்டி, "மெல்லுங்க மிஸ், மெல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். கடைசி நாலைந்து எனக்கும் ஞாபகம்.

தெளிந்ததும் குத்திப் பார்த்தேன். அவ்வளவு டொபிக்குப் பிறகும் 52. சென்சர் அந்த நேரம் 204 காட்டிக்கொண்டிருந்தது. கை அதிரவில்லை. காவல்காரன் விழித்திருந்தான், கதவு திறந்து கிடந்தது.

நானா போகும்போது: "புது மெஷின்னு சொன்னீங்களே?"

சொன்னேன். மூன்று பேரிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஜூன் 6, வெள்ளி

தூக்கம் இல்லை. கிளினிக்குக்கு போன். கை கழுவினீர்களா? கழுவினேன். துடைத்தீர்களா? துடைத்தேன். அப்படியானால் திரும்பக் குத்திப் போடுங்கள், அதுவரை சென்சரை நம்ப வேண்டாம். நன்றி. அப்படியானால் யாரை?

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அடுப்படியில் வீ.கா. ஒரு நக்கு, ஒரு மிடறு. என்னைப் பார்த்ததும் கிளாஸை வைத்துவிட்டுக் கையை நீட்டினார், தேய்த்துச் சூடாக்க.

அந்த உள்ளங்கையைப் பார்த்தேன். ஈரம். ஓரத்தில் நாலைந்து சீனி மணிகள்.

நேற்றைய 283 என் இரத்தத்தின் சீனி அல்ல, இந்தக் கையின் சீனி. கையேட்டில் குத்தப்படும் கையைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. பிடிக்கிற கையைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதியவர் தனிக்கட்டை போலும், அல்லது வெப்ப நாட்டுக்காரர்.

சொல்லலாமா என்று யோசித்தேன். மெதுவாகத்தான் சொன்னேன்:

"நீங்களும் கைய கழுவிட்டு வாங்க."

"நான் என்னா குத்திக்கவா போறேன்?"

"நான் குத்துற வெரல நீங்கல்ல புடிக்கிறீங்க. நேத்தும் நீங்கதான் புடிச்சீங்க."

கையைத் திருப்பிப் பார்த்தார். தகராறு செய்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். வெளியே தண்ணீர் விழும் பீலிக்குப் போய், மழையில் நின்று, முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவினார். திரும்பி வரும்போது அவர் கை என் கையைவிடக் குளிர்.

வெந்நீர்ப் போத்தலை நடுவில் வைத்து இருவரும் கையைச் சூடாக்கினோம். 118. சென்சர் 171. மாலையில் மெஷின் 133, சென்சர் 146. திருந்தி வருகிறது. வீ.கா. இரவு சாப்பிடவில்லை. வயிறு சரியில்லையாம்.

ஜூன் 7, சனி

மழை. காலை மெஷின் 109, சென்சர் 112. வீ.கா. சாயத்தண்ணியை வெறுமனே குடித்தார். மருந்து குடிப்பவர் முகம்.

மதியம். வேலை இல்லாத நாள் என்று வீட்டைத் துடைத்தேன், ஒரு மூட்டைத் துணி துவைத்தேன். வாங்க வேண்டியவை: நீலம், தீப்பெட்டி, டொபி (வியாழனோடு தீர்ந்தது, மறக்கக்

இந்த இடத்தில் நிறுத்தினேன். கை அதிர்ந்தது. இப்போது மூன்று மணி, மிச்சத்தை எழுதுகிறேன்.

போனில் 68, அம்பு கீழே. எனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. வியர்வை இல்லை, நடுக்கம் இல்லை. பொய் சொல்கிறதோ என்று ஒரு கணம். பிறகு சீனி டின்னைத் தேடினேன். அது இருக்கும் இடத்தில் வட்டமாக ஒரு தடம்தான் இருந்தது.

"என்னங்க, சீனி எங்க?"

வீ.கா. அந்தத் தடத்தைப் பார்த்தார்.

"என்னங்க. எறங்குது."

"மேரி அக்காகிட்ட குடுத்துட்டேன். டின்னோட." சொல்லும்போதே முகம் மாறிவிட்டது. செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

பக்கத்து வீட்டில் மேரி அக்கா, "நேத்துதானே வேணாம்னீங்க?" என்று கேட்டது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. நான் தரையில் உட்கார்ந்தேன், விழுந்தால் தூரம் குறைவு என்று.

டின்னைத் தூக்கக்கூட நிற்கவில்லை அவர். மழையில் வந்தார், உள்ளங்கை நிறையச் சீனி, மேலே மற்றக் கையால் மூடி. பாதி கரைந்து மணிக்கட்டில் வழிந்தது. என் வாய்க்கு நேராக நீட்டினார். கை நடுங்கியது, எனக்கு வரவேண்டிய நடுக்கம்.

"கைய கழுவலம்மா," என்றார்.

"பரவாயில்ல. புடிங்க."

நக்கினேன்.