என் பெயருக்கு மட்டும் வந்த இன்சூரன்ஸ்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இருவரும் சுகம் என்று ஒரு வரி போட்டுவிட்டு மற்ற விஷயத்துக்குப் போய்விடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. நடமாட்டம் இருக்கிறது, வேளைக்குப் பசி எடுக்கிறது, இப்போதைக்கு அதையே சுகம் என்று வைத்துக்கொள். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி காய்ச்சல் என்று படுக்காமல் இருக்கிறீர்களா? உன் அலுவலகத் தோழி லீவு முடிந்து கிளம்புகிறாளாம், அவள் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். போனில் பேசலாம் என்றால் உங்கப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். நான் வாயைத் திறப்பதற்குள் இங்கே எல்லாம் சூப்பர்மா என்று அவரே பதில் சொல்லிவிடுகிறார், அப்புறம் நான் எங்கே பேசுவது. அதனால்தான் கடிதம். படித்து முடிக்கும்வரை பதறாதே, ஆபத்து என்று எதுவும் இப்போது இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குடியிருப்பு வீசாவுக்கு மனு போட்டாயிற்று, இனி இன்சூரன்ஸ்தான் பாக்கி என்று நீ சொன்ன நாளிலிருந்து நாங்கள் அலைந்தது உனக்குத் தெரியும், ஆனால் முழுக்கத் தெரியாது. இறங்குகிற நாளிலிருந்தே செல்லுபடியாக வேண்டும், பழைய வியாதிக்கும் சேர்த்து இருக்க வேண்டும், காத்திருப்புக் காலம் என்று எதுவும் இருக்கக் கூடாது என்று உங்கள் ஊர் வீசா ஆபீஸ் கேட்கிறதே, அப்படி ஒன்று இங்கே கடையில் தொங்குகிற சாமானா என்ன. இரண்டு கம்பெனிக்காரர்கள் வயதைக் கேட்டதுமே நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். மூன்றாவதாக ஒரு ஏஜெண்ட் கிடைத்தார், ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை, ஒரு ஃபேன், அதுவும் அவர் பக்கம் பார்த்தே சுற்றும். கேள்வித்தாளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தவர், இதய நோய் உண்டா என்ற இடத்தில் நிறுத்தினார். அப்பாவுக்கு எட்டு வருடத்துக்கு முன்னால் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்ததை நான் சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஐயா, பழசையெல்லாம் எதுக்குக் கிளறணும்? இல்லைன்னு ஒரு டிக் போடுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார். உங்கப்பாவுக்கு முகமெல்லாம் பல். உடம்பு என்னுது, நான் இல்லேன்னா இல்லதான் என்று பேனாவுக்குக் கையை நீட்டிவிட்டார்.

நான் ஆஸ்பத்திரி கவுண்டரில் உட்கார்ந்து பில் போட்டுக் காலம் தள்ளியவள், உனக்கே தெரியும், பள்ளிக்கூடம் விட்டு அந்த நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்துதான் நீ வீட்டுப்பாடம் எழுதுவாய். ஒருமுறை, இப்போது உனக்கு இருக்கிற வயதில் ஒருவர் தன் அப்பாவை ஸ்ட்ரெச்சரில் கொண்டு வந்தார். இன்சூரன்ஸ் அட்டையை நீட்டினார், நானும் எழுதி அனுப்பினேன், சர்க்கரை இருப்பதை மறைத்திருக்கிறார்கள் என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. அதை நான்தான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. "அக்கா, இப்ப நான் எங்கப்பாவ உள்ள கூட்டிட்டுப் போறதா, வெளிய கூட்டிட்டுப் போறதா, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டார். அந்தக் கவுண்டருக்கு முன்னால் உன் முகத்தை வைத்துப் பார்த்தேன், அதுவும் வேற்று மொழியில், குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு. அவ்வளவுதான், உங்கப்பா கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, உண்டு என்று நானே போட்டு, எந்த ஆஸ்பத்திரி, என்ன மாத்திரை என்பதுவரை எழுதிவிட்டேன். ஏஜெண்ட் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லி மாளாது, வந்த வியாபாரத்தை வாசலோடு அனுப்பியவளைப் பார்ப்பது மாதிரி.

உங்கப்பாவும் நானும் வீடு வந்து சேர்ந்தோம். செருப்பைக் கழற்றும்போதுதான், நல்லா எனக்கு வேட்டு வெச்சிட்டே என்றார். அதற்குப் பிறகு மௌன விரதம், டீ வேண்டுமா என்று கேட்டால்கூடச் சுவரைப் பார்த்துத் தலையாட்டுவார். நீ அப்போது போன் செய்து, அப்பா ஏன் டல்லா இருக்காரு என்று கேட்டாயே, அது இதுதான். எனக்கும் உள்ளுக்குள் உறுத்தல் இல்லாமல் இல்லை. எங்களை நம்பி நீ முழுநேர வேலைக்குச் சரி என்று சொல்லிவிட்டாய், குட்டிக்கு அம்மாச்சியும் தாத்தாவும் வர்றாங்க என்று சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறாய், நீ கூப்பிட்ட நேரத்தில் நான் ஒரு கேள்விக்குப் பதில் எழுதி எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேனோ என்று துணி மடிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் அதே நினைப்பு.

கம்பெனி உடனே மறுக்கவில்லை. பழைய இதய நோய் என்று எழுதியிருப்பதால் டிரெட்மில் சோதனை எடுத்து ரிப்போர்ட் அனுப்புங்கள் என்றது. உங்கப்பா அதற்குக் கிளம்பிய கோலத்தை நீ பார்த்திருக்க வேண்டும், புது ஷூ, இஸ்திரி போட்ட சட்டை, பெண் பார்க்கப் போகிறவர் கெட்டார். காலம் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்து ஊரையே மாடி ஏத்தினவன்மா நான், எனக்கா மூச்சு வாங்கும் என்று டாக்டரம்மாவிடமே பெருமை அடித்தார். மெஷின் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, அந்த டாக்டர் பெண் திரையைப் பார்த்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். அவரைப் படுக்க வைத்துவிட்டு, எவ்வளவு நாளா வலி இருக்கு ஐயா என்று கேட்டாள். இன்னைக்குத்தான் என்றார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நின்றாள். நானும் நின்றேன். உங்கப்பா என் முகத்தைப் பார்க்காமல் சீலிங்கைப் பார்த்துச் சொன்னார். "பொண்ணு வீசா பேச்சு எடுத்தாளே, அதுக்குக் கொஞ்சம் முந்தியே இருக்கு. சொன்னா போறது நின்னுடும்னு சொல்லலை."

நம் வீட்டுக்கு மூன்று மாடி ஏற வேண்டுமே, ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று மீட்டர் பெட்டியைத் திறந்து எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பார். ரிட்டயர் ஆகியும் மனுஷனுக்குத் தொழில் புத்தி போகவில்லை என்று நான் கையில் பையோடு மேலே போய்க்கொண்டே இருப்பேன். வலி தணியட்டும் என்று நின்றிருக்கிறார். பக்கத்தில் படுப்பவளுக்கே தெரியவில்லை பார்.

அன்றைக்கே சேர்த்தாகிவிட்டது, நான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரி. பழைய ஸ்டென்ட் இருந்த இடத்துக்குக் கீழே இன்னொரு அடைப்பு, மறுநாள் காலையில் அங்கேயும் ஒரு ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கிற பெண், நீங்க ஏன்க்கா அந்தப் பக்கம் நிக்கறீங்க, உள்ள வந்து உக்காருங்க என்றாள், போகத் தோன்றவில்லை, எல்லாரையும் போல வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். டாக்டர் வந்து சொன்னார், இதோட விமானம் ஏறியிருந்தா நடுவழியிலேயே ஏதாவது ஆகியிருக்கும்மா என்று. அந்த வாரம்தான் நெட் சரியில்லை, வீடியோ வராது என்று உன்னிடம் சொன்னது. கோபப்படு, படாமல் இருக்காதே, ஆனால் என்மேல் மட்டும் படு, அவரை இப்போது ஒன்றும் கேட்காதே. நீ அங்கிருந்து அழுதுகொண்டு டிக்கெட் தேடுவாய், குட்டியை யாரிடம் விடுவாய், புது வேலையில் லீவு எப்படிக் கேட்பாய் என்று நாங்களே பேசி முடிவு செய்துகொண்டோம். சரியா தப்பா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. எனக்கு உண்டு, அப்பாவுக்கு இப்போது இல்லை, ஒரு வருடம் கழித்து ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்கிறார்களாம். ஏஜெண்ட், நீங்க மட்டுமாவது கிளம்புங்கம்மா, பாலிசி கையில இருக்கே என்கிறார். உங்கப்பாவும் அதே பாட்டுத்தான். நீ போ, பொண்ணு ஒண்டியா கஷ்டப்படறா, நான் என்ன கைக்குழந்தையா என்று சொல்லிவிட்டு, தனியாக இருந்து காட்டுகிறேன் என்று நேற்று அவரே சமையல் செய்தார். குக்கரில் தண்ணீர் ஊற்ற மறந்து அடிப்பிடித்து, அதைச் சுரண்டிக்கொண்டே, முதல் நாள்னா அப்படித்தான் இருக்கும் என்றார். சிரிப்பும் வந்தது, எழுந்து போய்விடலாம் போலவும் இருந்தது.

நான் வரவில்லை கண்ணு. உனக்கு நான் வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. உன் குரலைக் கேட்டாலே நீ சரியாகத் தூங்கவில்லை என்று தெரிகிறது, மாப்பிள்ளைக்கு ஷிஃப்ட் மாறி மாறி வருகிறது, குட்டி உன்னை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள். ஆனால் வலியை இத்தனை நாள் சிரித்துக்கொண்டே மறைத்தவரைத் தனியாக விட்டுவிட்டு, அங்கே உட்கார்ந்து போனில் எப்படி இருக்கீங்க என்று நான் கேட்டால், சூப்பர் என்றுதான் சொல்வார். நான் அதை நம்பிக்கொண்டு இருக்க முடியுமா? நீயே சொல். வேலையை விட்டுவிடாதே. குட்டியைக் காப்பகத்தில் சேர்த்துவிடு, முதல் இரண்டு வாரம் அழுவாள், நீயும் அழுவாய், அப்புறம் அவளே பையை எடுத்துக்கொண்டு நிற்பாள். அம்மாச்சி தாத்தாவை ஏன் இன்னும் காணோம் என்று கேட்டால், தாத்தாவுக்கு உடம்பு சரியாக வேண்டும் என்று உள்ளதையே சொல், சின்னப் பிள்ளைகளுக்கு அது புரியும்.

வீடு காலி செய்வதாகச் சொல்லியிருந்தோமே, வீட்டுக்கார அம்மா, நீங்களே இருங்க, புதுசா ஆள் தேடற வேலை எனக்கு மிச்சம் என்று சொல்லிவிட்டார். கட்டிலைத்தான் அவசரப்பட்டுக் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவுக்குக் கொடுத்திருந்தோம், அவர் கேள்விப்பட்டதும் ஆள் வைத்து மேலே தூக்கி அனுப்பிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பும் இல்லை. கட்டி வைத்த பெட்டிகள் மட்டும் கூடத்தில் அப்படியே இருக்கின்றன, பிரிக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை, வந்த பிறகு பிரித்துக்கொள்கிறேன். களைப்பாக இருக்கிறது, வேறொன்றும் இல்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். முதுகு வலிக்கிறது என்று போன மாதம் பேச்சோடு பேச்சாகச் சொன்னாய், அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அப்பாவின் மகள்தானே நீ, அதனால் கேட்கிறேன், போய்க் காட்டு, என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது. மறந்துவிடாமல் இன்னொன்று செய், வீசா ஆபீஸில் நீ போட்ட எங்கள் இரண்டு மனுக்களையும் நீயே திரும்ப வாங்கிவிடு. அவர்கள் மறுத்தார்கள் என்று ஆகிவிட்டால் அடுத்த வருடம் அதற்கும் விளக்கம் கேட்பார்களாம், நாமாக எடுத்துக்கொண்டோம் என்று இருக்கட்டும். நீயும் மாப்பிள்ளையும் ஒருவர்மேல் ஒருவர் சலித்துக்கொள்ளாமல், குட்டியோடு நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி உங்களுக்கு எப்போதும் உண்டு.

உன் அம்மா

அப்பா எழுதுவது: உங்கம்மா கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள், படித்துவிட்டேன். எழுதியிருப்பது எல்லாம் சரி, குக்கர் விஷயம் மட்டும் கொஞ்சம் அதிகம். இன்று காலையில் நெஞ்சு லேசாகப் பிசைந்த மாதிரி இருந்தது. உடனே உங்கம்மாவை எழுப்பிச் சொல்லிவிட்டேன். டாக்டரைக் கேட்டோம், ஸ்டென்ட் வைத்த புதிதில் இப்படி இருக்குமாம், பயம் இல்லையாம். உனக்கும் சொல்லிவிட்டேன்.