ஐஸ் வண்டிக்கு ஒரு ஜன்னல்

என் செல்ல நைனாவுக்கு,

இல்லை, உருகவில்லை. நம் ஊரிலிருந்து எடுத்துப்போன ஐஸ், மலை ஏறி ஒரு முழு நாள் கழித்தும் கட்டி கட்டியாக அப்படியே கிடந்தது. நீ முதலில் கேட்கக்கூடியது இதுதான் என்பதால் முதலில் சொல்லிவிட்டேன்.

உன் வண்டியில் கொடைக்கானலுக்கும் மேலே, மேல்மலைக்குப் போய்வந்தோம். நானும் அம்மாவும். நான்தான் ஓட்டினேன். பழவேற்காட்டு இறாலையும் நண்டையும் ஐஸ் போட்டுச் சென்னைக்குச் சுமந்த அதே வண்டி. பின்னால் இருக்கும் பெட்டியைத் திரும்பத் திரும்பக் கழுவினேன். உள்ளே இரண்டு பலகைப் படுக்கை, தண்ணீர் கேன், பேட்டரி விளக்கு. இப்படிப்பட்டதைக் கேம்பர் வேன் என்கிறார்கள். வீட்டை ஓட்டிக்கொண்டு போய்க் காட்டோரம் நிறுத்தி, அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்குவது. நீ சிரிப்பாய். வருடக்கணக்கில் நீ செய்ததுதானே இது, காடு மட்டும் இல்லாமல்.

நீ போனபிறகு வண்டி ஒரு மழைக்காலம் முழுக்கச் சும்மா நின்றது. பசியாவரத்து மாமா அதை விற்க ஆள் பார்த்துவிட்டார். பொன்னேரியில் ஒரு கோழி வியாபாரி. அவருக்கு வேண்டியது உன் பெட்டிதான், தெர்மாகோல் அடைத்த, சூடு நுழையாத சுவர். எனக்கும் அதுதான் வேண்டும். இதை வைத்து ஆட்களை மலைக்குக் கூட்டிப்போகும் தொழில் செய்யலாம் என்று நினைத்தேன். ஆனால் காற்றே நுழையாத பெட்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மனிதர் தூங்க முடியாது. ஒரு ஜன்னல் வெட்ட வேண்டும். வெட்டிவிட்டால் அது மறுபடி ஐஸ் பெட்டி ஆகாது.

"ஓட்ட மட்டும் போட்டுடாத பாப்பா. அப்பறம் அத்த எவனும் சீண்ட மாட்டான்" என்றார் மாமா.

வண்டி இப்போது அம்மா பேரில் இருக்கிறது. அவள் சொல்வதுதான் முடிவு. அவள் எங்கள் இருவர் பக்கமும் சாயவில்லை. "மொதல்ல என்னை இட்டுகினு போய் காட்டு. பாத்துட்டு சொல்றேன்" என்றாள். ஆக, ஒரே ஒரு பயணம். அவளுக்குப் பிடிக்காவிட்டால் வண்டி கோழிக்குப் போகும்.

கிளம்பிச் சிறிது நேரத்திலேயே திருப்பாலைவனம் டீக்கடையில் நிறுத்தச் சொன்னாள்.

"இப்பதானம்மா வீட்ல குடிச்ச."

"ஒங்க நைனா இங்க நிக்காம போனதே இல்ல. வண்டி கோச்சிக்கும்."

டீக்கடைக்காரர் உன் இடத்தில் என்னைப் பார்த்தார். உனக்குப் போடுவதுபோலச் சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டுக் கொடுத்தார். எனக்குப் பிடிக்காது. குடித்தேன்.

போகிற வழியெல்லாம், எங்கே நிறுத்தினாலும் பூனைகள் வந்தன. சோப்பு, எலுமிச்சை, வேப்பிலைத் தண்ணீர் எல்லாம் போட்டுக் கழுவியிருந்தேன். பூனைகளை ஏமாற்ற முடியவில்லை. அவற்றுக்கு இது இன்னும் உன் வண்டி.

மலைப்பாதையில் அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். முகத்துவாரத்தில் அலை படகைத் தூக்கும்போது சிரிக்கிறவள்.

"மெதுவா போடி."

"மெதுவாத்தான் போறேன்."

"அப்ப நின்னுடு."

நிற்கவில்லை. மேலே ஒரு பூண்டுத் தோட்டத்துக்கார அம்மா, தன் நிலத்தின் ஓரத்தில் நிறுத்திக்கொள்ளச் சொன்னார். சுற்றிலும் பைன் மரங்கள். பகலிலேயே மூச்சு புகைந்தது. இறங்கியதும் அம்மா செய்த முதல் காரியம், படகுக் கயிற்றை எடுத்து வண்டியை ஒரு மரத்தோடு கட்டியது.

"என்னக்கா, மாடா இது, கட்டிப் போடுறீங்க?" என்றார் தோட்டத்துக்காரர்.

"எங்கூர்ல எதையும் கட்டாம வுட மாட்டோம்மா. காலைல பாத்தா இருக்காது."

"இங்க எங்க போகப்போகுது?"

"அது அதுக்குத் தெரியுமா?"

அன்று மாலை வெளியே கல் கூட்டி, விறகு மூட்டி, கொண்டுபோன நண்டைக் குழம்பு வைத்தோம். தோட்டத்துக்காரருக்கும் ஒரு கிண்ணம். காரத்தில் அவர் கண் கலங்கியது. கிண்ணத்தை மறுபடி நீட்டினார்.

படுக்கும்போதுதான் சிக்கல். காற்றுக்காகப் பின்கதவை ஒரு சாண் திறந்து வைத்து, அசையாமல் கயிறு போட்டோம். அந்த ஒரு சாண் வழியாக மலை முழுவதும் உள்ளே வந்தது.

விடிந்ததும் அம்மா எழுந்து உட்கார்ந்து சொன்னாள்: "கோழிக்காரனுக்கே குடுத்துடலாம்டி. ஒங்க நைனா பெட்டில கெடக்கற மீனாட்டம் வெறச்சிட்டேன்."

வாதாடலாம்தான். ஆனால் குளிர்ந்துபோன காலோடு வாதாட முடியுமா? அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே போனாள். உடனே கூப்பிட்டாள்.

புல் முழுக்க வெள்ளை. வரப்பு, பூண்டுத் தாள், வண்டியின் கண்ணாடி, நாங்கள் கட்டிய கயிறு, எல்லாம்.

"இன்னாடி இது? யாரு கொட்னது?"

"யாரும் கொட்டலம்மா. பனி. ஒறஞ்சிகீது."

"ஐஸா?"

"ஐஸுதான்."

குனிந்து கையால் வழித்தாள். உப்பு பார்ப்பதுபோல நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"காத்தால காத்தால ஐஸ் கம்பெனி வாசல்ல நின்னு, கெஞ்சி, சண்ட போட்டு வாங்கினு வருவாரு. பாதி வழில பாதி தண்ணி. இங்க பாரு, சும்மா கெடக்குது. அந்தாளு இத்த பாக்காமலே போயிட்டாரே."

அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் எவர்சில்வர் தட்டை எடுத்துவந்து, புல்லிலிருந்து பனியை வழித்து, தட்டு நிறைந்ததும் முன்கதவைத் திறந்து உன் சீட்டில் கொட்டினாள்.

"சீட்டு நனையும்மா."

"நனையட்டும். அவருக்கு இது இன்னா புதுசா?"

உனக்குக் குளிர் பிடிக்குமா, நைனா? நான் கேட்டதே இல்லை. தினமும் ஐஸ் தூக்கிய கைக்குக் குளிர் என்பது வேலையா, வேறு ஏதாவதா? சென்னையில் சரக்கு இறக்கிவிட்டு முன்சீட்டில் சுருண்டு படுப்பாயே, அப்போது எதைப் பார்த்துக்கொண்டு தூங்கினாய்?

பிறகு அம்மா பெட்டிக்குள் ஏறினாள். "கதவ சாத்து, கொஞ்ச நேரம்" என்றாள். சாத்தினேன். விளக்கைப் போட்டுவிட்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். மெல்ல மெல்லக் கதகதப்பானது. இங்கே வெயிலை வெளியே நிறுத்திய அதே சுவர், அங்கே குளிரை நிறுத்தியது. அம்மா அதைத் தட்டிப் பார்த்தாள், சரக்கைத் தட்டிப் பார்ப்பதுபோல.

"சூடு நிக்குது. காத்துதான் பத்தல."

"அதுக்குத்தான் ஜன்னல்."

அம்மா இறங்கிப்போய், நண்டு வெந்த அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டோடு வந்தாள். தன் பலகையில் படுத்தாள். தலையைத் திருப்பிப் பார்த்தாள். படுத்தவாறே கையை நீட்டிச் சுவரில் கோணலாக ஒரு கட்டம் போட்டாள்.

"இங்க வெய்யி. படுத்துகினே வெளிய பாக்கணும். கொசுவல அடிச்சிடு."

மாமாவுக்கு அவளே போன் செய்தாள். பாப்பா மனசைக் கலைத்துவிட்டதா என்று அவர் கேட்டிருக்க வேண்டும். "பாப்பா ஒண்ணும் சொல்லல. எனக்கு ஜன்னல் வேணும். கோழிக்காரன வேற வண்டி பாக்கச் சொல்லு." கையிலிருந்த கரி அவள் காதிலெல்லாம் ஒட்டியிருந்தது.

ஊரில் செய்தி என்று பெரிதாக இல்லை. முகத்துவாரத்தில் மறுபடி மணல் ஏறுகிறது. மாமா என்னோடு பேசுவதில்லை, ஆனால் டயரில் காற்று இருக்கிறதா என்று தினமும் உதைத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்.

வரும் தடைக்காலத்தில், கடலுக்குப் படகு போகாத அந்த வெயில் நாட்களில், அம்மாவோடு மீன் விற்கும் பெண்களை மேலே கூட்டிப்போகிறேன். அப்போது புல்மேல் ஐஸ் இருக்காது. குளிர் இருக்கும், அது போதும். அதன்பிறகு வெளியாட்கள், வாடகைக்கு. உன் வண்டி ஓடும் நைனா. திருப்பாலைவனத்தில் நிற்காமல் போகாது. இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

இன்று காலை பொன்னேரியில் வெல்டிங் பட்டறையில் வண்டியை நிறுத்தி, அம்மாவின் கரிக்கோட்டின் மேலேயே, கோணலைத் திருத்தாமல், ஜன்னல் வெட்டச் சொன்னேன். வெட்டியெடுத்த துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவின் மீன் டப்பாவுக்கு மூடியாக வைத்தேன். கொஞ்சம் பெரிது. ஆனால் ஐஸ் நிற்கிறது.

இப்படிக்கு,
உன் சீட்டில் உட்கார்ந்திருக்கும் உன் பொண்ணு,
பவானி