தாளில் தங்கிய தைலக் கறை

என் அருமை அண்ணா,

பேசாமல் இருந்தது போதும். நீ இருந்தவரை நானாக வாய் திறக்கவில்லை. நீ போன பிறகும் மௌனமாக இருந்தால் அது யாருக்கு எதிரான கோபம்?

நடுவட்டத்தில் உன் தைலக் கடையை அண்ணிதான் நடத்துகிறார். நாங்கள் ஊட்டியில்தான் இருக்கிறோம். என் மகள் பள்ளிக் கண்காட்சிக்காக, வீட்டுப் பொருள்களில் என்ன கலந்திருக்கிறது என்று சோதித்துக்கொண்டிருக்கிறாள். மஞ்சள்தூள் தேறிவிட்டது. குங்குமச் சிமிழை அவள் அம்மா இன்னும் ஒளித்தே வைத்திருக்கிறாள்.

அடுத்தது யூகலிப்டஸ் தைலம். வடிதாளில் ஒரு சொட்டு விட வேண்டும். சுத்தமானது சுவடில்லாமல் ஆவியாகிவிடும்; வேறு எண்ணெய் கலந்திருந்தால் கறை தங்கும். டீச்சர் கொடுத்த சுத்தத் தைலம் ஒரு தாளில். உன் கடையில் மகள் போன வாரம் வாங்கி வந்தது இன்னொன்றில். நான் நகராமல் உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று உனக்குத் தெரியும். கேனில் வரும் தைலம் இத்தனை மலிவாக எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டதற்கு, கடைக்கு வந்தவர்கள் முன்னால், "படிச்ச திமிர உன்ற ஊட்டுல வெச்சுக்கோ" என்றாய். அன்றோடு உன் கடைப்படி ஏறவில்லை.

டீச்சரின் தாள் காய்ந்து வெளுத்தது. உன்னுடையதில் கறை தங்கியது. பார்த்தாயா என்று எழுந்தேன். மகள் விடவில்லை. உன் காரியத்துக்கு வந்தபோது அவள் சளிக்கென்று அண்ணி கொடுத்த, உன் தலைமாட்டுப் பாட்டிலையும் எடுத்து வந்தாள். அதிலும் கறை.

"அப்பா, தெரிஞ்சிருந்தா பெரியப்பா இதையே நெஞ்சுல தேச்சிருப்பாங்களா?"

உனக்கே தெரியாதா, அண்ணா? உன்னையும் ஏமாற்றினார்களா? சந்தேகம் வந்தும் கேட்காமல் விட்டாயா? இத்தனை வருடக் கோபத்தைக்கூட ஒழுங்காக வைத்துக்கொள்ள விடமாட்டேன் என்கிறாய்.

அண்ணி இதைத்தான் உன் பேரன் நெஞ்சிலும் தேய்க்கிறார். போன் செய்தேன்.

"ஏனுங்க அண்ணி, அந்தத் தைலத்தக் கொழந்தைக்குப் போடாதீங்க. கலப்படமுங்க."

"அவரு போயும் உங்க எரிச்சல் தீரலீங்களா?"

வைத்துவிட்டார்.

உன் பெயருக்கு வரும் தபாலை அவர்தான் பிரிக்கிறாராம். அதனால் இதை உன் பெயரிட்டே கடை முகவரிக்கு அனுப்புகிறேன். காய்ந்த தாள்களோடு, புது வடிதாள் நாலைந்தும் உள்ளே இருக்கின்றன. என்னை நம்ப வேண்டாம். அவரே ஒரு சொட்டு விட்டுப் பார்க்கட்டும். அந்தக் கேனில் யார் எதைக் கலந்தார்கள் என்று நான் விசாரித்துச் சொல்கிறேன், அண்ணா. அது உன்மேல் வந்து முடிந்தாலும் மறைக்க மாட்டேன்.

படித்தால் அண்ணிக்கு ஆள் தெரிந்துவிடும். ஆனால் எந்தக் கடிதத்தையும் அவர் கீழே யார் பெயர் என்று பார்த்துவிட்டுத்தான் படிப்பார். என் பெயரைக் கண்டால் தாள்களோடு சேர்த்து அடுப்பில் போடுவார். எனவே தம்பி என்றுகூடப் போடாமல், கையெழுத்தில்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.