வண்டி திரும்பும் இடம்

மயினி,

இன்று காலை முதல் மனை பிரித்து விற்ற பக்கத்து விளையில் கான்கிரீட் பாதையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன ஓணத்துக்குச் சற்று முன்புதான் அந்தப் பாதையைப் போட்டார்கள். மனை வாங்க வந்தவர்கள் காரை நிறுத்திவிட்டு அதில் நின்று படம் எடுத்துக்கொண்டதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. இப்போது குடிநீர்க் குழாய் பதிப்பதற்காக அதை நடுவில் பிளக்கிறார்கள். தூசி எழாமலிருக்க ஒருவர் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கிறார். நனைந்த சிமெண்டுத் தூளின் மணம் மொட்டைமாடி வரைக்கும் வருகிறது. கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போனவள், எடுக்காமல் அங்கேயே நின்றுவிட்டேன். உங்களோடு பேச வேண்டும் போலிருந்தது.

நீங்கள் ஒற்றசேகரமங்கலத்தில் பிறந்து, மலையாளத்தில் படித்து, அண்ணனைக் கட்டிக்கொண்டு உதியன்குளங்கரைக்கு வந்தவர். தமிழ் வேதாகமத்தை முதலில் எழுத்துக்கூட்டித்தான் வாசித்தீர்கள். அம்மாவுக்கு அதில் குறை இருந்தது. பிறகு பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸாக, படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலையில் சேர்ந்தீர்கள். அதன்பின் இந்தப் பக்கத்தில் எந்தச் சந்து எங்கே முடிகிறது என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அப்பா போன பிறகு, வீட்டுக்குப் பின்னால் இருந்த ரப்பர் விளையைப் பற்றிப் பேச்சு வந்தது. மரங்களுக்கு வயதாகிவிட்டிருந்தது, பாலும் குறைந்துவிட்டது. அண்ணன், நான், ஷார்ஜாவில் இருந்த தம்பி, மூவரும் ஆளுக்கொரு மனையை வைத்துக்கொண்டு மீதியைப் பிரித்து விற்கலாம் என்று முடிவானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தபோது தரகர் ஒரு வரைபடத்தோடு வாசலில் காத்திருந்தார். நடுவில் ஒடுங்கிய ஒரு பாதை, இரண்டு பக்கமும் மனைகள். பாதை கடைசி மனையின் மதிலில் போய் முட்டி நின்றது.

நீங்கள் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்தத் தாளைக் குனிந்து பார்த்தீர்கள்.

"இந்த வழியில ஆம்புலன்ஸ் வருமா?"

"வரும், மெள்ள வரும்," என்றார் அண்ணன்.

"வந்தா எங்க திரும்பும்?"

"ரிவர்ஸ் எடுத்துக்கிடுவான். அது டிரைவருக்க பாடு. நீ எதுக்கு அதையெல்லாம் நினைக்க?"

தரகர் சிரித்தார். "சிஸ்டரே, வழிக்கு விடுத மண்ணு விலை கிட்டாத மண்ணாக்கும். ரோடு இத்தனை அகலம், ஓடை வேணும், வண்டி திரும்ப இடம் வேணும்னு பஞ்சாயத்தில விதி உண்டு, இல்லேங்கல. குடும்பத்துக்குள்ள பாகம் வச்சதா எழுதிட்டு, பின்ன ஒவ்வொண்ணா வித்தா ஒருத்தரும் கேக்க மாட்டாவ."

பாதை அகலமாக இருந்தால் நல்லதுதானே என்று நானும் சொன்னேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. நீங்கள் கிளாசுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டீர்கள். விட்டுக்கொடுத்துவிட்டீர்கள் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை எனக்கு விடுமுறை. உங்கள் பாலியேட்டிவ் வண்டியின் டிரைவர் லீவு, ஒரு நோயாளியை நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அண்ணனை ஓட்டக் கூப்பிட்டீர்கள். உதவிக்கு நானும் வந்தேன். காஞ்சிரங்குளத்துக்குப் பக்கத்தில், தென்னந்தோப்பைப் பிரித்து விற்ற புது மனைகள் அவை. எல்லாம் நல்ல வீடுகள். பாதையின் வாயிலேயே மின்கம்பம் ஒன்று குறுக்கே நின்றது. அதற்கப்பால் இரண்டு மதில்களுக்கு நடுவில் ஆட்டோவே உரசித்தான் போக வேண்டும். முந்தின நாள் பெய்த மழை போக ஓடை இல்லாமல் பாதையிலேயே கிடந்தது.

நோயாளி, பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன பழைய லாரி டிரைவர். கடைசி வீடு அவருடையது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து ஒரு பக்கம் அண்ணனும் மறு பக்கம் அவருடைய மைத்துனரும் தூக்கினார்கள். நீங்கள் அவருடைய தலையைத் தாங்கிக்கொண்டு பின்னால் நடந்தீர்கள். இரண்டு பேர் பக்கவாட்டில் தூக்கிப் போக அந்தப் பாதையில் இடம் போதவில்லை. அண்ணனின் கைமுட்டி மதிலில் உரசித் தோல் பிய்ந்துவிட்டது. பாதி வழியில் அண்ணனுக்குக் கால் வழுக்கி நாற்காலி சாய்ந்தபோது அந்த மனிதரின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வண்டியில் ஏற்றிய பிறகு அவர் குழறிக் குழறி அண்ணனிடம் சொன்னார்: "அண்ணாச்சிக்குச் சங்கடமாப் போச்சு. லாரி ஓட்டுனவன் நான். வாங்கும்போ வீட்டைப் பாத்தேன், வழியைப் பாக்கல."

வீட்டுக்குத் திரும்பி, நீங்கள் அண்ணனின் கையைக் கழுவி மருந்து போட்டுக்கொண்டிருந்தபோதுதான் கேட்டார், "வழி எவ்வளவு வேணும்?"

"அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. பஞ்சாயத்தில எஞ்சினியர் உண்டு, கேக்கலாம்."

அடுக்களையில் நான் உங்களிடம் கேட்டேன், உண்மையிலேயே டிரைவருக்கு லீவுதானா என்று. "லீவுதான் மக்கா," என்றீர்கள். "எடுக்கச் சொன்னது நானாக்கும்."

அனுமதிக்கு விண்ணப்பித்தோம். பஞ்சாயத்து எஞ்சினியர் வந்து பார்த்தார். பாதையை அகலமாக்க வேண்டும், ஓரத்தில் மூடியோடு ஓடை வேண்டும், தண்ணீர் கீழே ஓடுகிற தோட்டுக்குப் போய்ச் சேர வழி காட்ட வேண்டும், பாதை முடிகிற இடத்தில் வண்டி வட்டமடித்துத் திரும்ப வெளி விட வேண்டும் என்றார். எல்லா மனையும் சுருங்கியது. கடைசியில் ஒரு மனை முழுவதும் அந்த வெளிக்கே போயிற்று. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, பாதை மெயின் ரோட்டில் சேருகிற முனை. நீளமான வண்டி அங்கே ஒடித்துத் திரும்ப வேண்டுமென்றால் முனையை வெட்டிக் கொடுக்க வேண்டும். முனையில் இருந்தது உங்கள் ஒர்க் ஏரியா, வீட்டை ஒட்டிய வெளி அடுக்களை.

அதற்காக நீங்கள் எத்தனை வருடம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். புகை பிடித்த பழைய அடுக்களையில் அம்மாவோடு முட்டி மோதிச் சமைத்த நாட்களுக்குப் பிறகு, அண்ணன் கட்டிக்கொடுத்த இடம் அது. விறகடுப்பு, மசாலா அரைக்க அரகல், மீன் கழுவத் தனித்தொட்டி. வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அங்கேதான் உட்காருவீர்கள்.

அன்று தம்பியைப் போனில் கூப்பிட்டார் அண்ணன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், எல்லோருக்கும் கேட்டது.

"எனக்க பங்கில உள்ள மண்ணுல ஊருக்கு வழி வெட்டுதியளா? நான் இங்க வெயில்ல கிடக்கேன், கேட்டியளா? வேற வீட்டுல இருந்து வந்தவிய எங்க குடும்ப வஸ்துல விதி சொல்லண்டாம்."

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. நீங்கள் போனுக்குப் பக்கத்தில் வந்து, சாதாரணமாக, அவன் சாப்பிட்டானா என்று கேட்கிற குரலில் சொன்னீர்கள்: "செரி மக்கா, நான் ஒண்ணும் சொல்லல. எனக்க அடுக்களையை மட்டும் தாறேன். அது எனக்குள்ளதாக்கும்."

அவன் போனை வைத்துவிட்டான்.

கடைசியில் கையெழுத்துப் போட்டு அனுப்பினான். ஆனால் பேச்சை நிறுத்திக்கொண்டான். ஜேசிபி வந்து ஒர்க் ஏரியாவை இடித்த அன்று நீங்கள் வேலைக்குப் போய்விட்டீர்கள். போகிற வழியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தீர்கள், நான் வாசல் சிட்அவுட்டில் நின்றிருந்தேன். பின்பக்கம் வேறொன்று கட்டி முடிகிற வரைக்கும் அதே சிட்அவுட்டின் மூலையில் கேஸ் அடுப்பை வைத்துச் சமைத்தீர்கள். ரோட்டில் போகிறவர்களெல்லாம் இன்று என்ன கறி என்று கேட்டுக்கொண்டு போனார்கள். நீங்களும் சொன்னீர்கள்.

பாதை போட்ட நாளைச் சொல்ல வேண்டும். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. கம்பி கட்டி, ஜல்லி கொட்டி, கலவை மெஷினும் வந்துவிட்டது. பாதைக்கு அடியில் குறுக்கே பதிக்க வேண்டிய குழாய்கள் மட்டும் வரவில்லை. குடிநீருக்கும் கேபிளுக்கும் ஒவ்வொரு மனைக்கும் நேராக அவற்றைப் பதித்துவிட்டுத்தான் கான்கிரீட் போட வேண்டும் என்பது பேச்சு.

காண்டிராக்டருக்கு அவசரம். "மழை வருது சிஸ்டரே. இதைப் போட்டுட்டா, குழாயை ஓரத்துல விட்டுக்கிடலாம்."

"ஓரத்துல ஓடை உண்டு."

"அப்ப பின்னால உடைச்சுக்கிடலாம்."

"உடைக்கதுக்கா போடுதோம்?"

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் உங்களைப் பார்த்தார். மெஷின் திரும்பிப் போனது. அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. செம்மண் குழைந்து, மனை வாங்கியவர்கள் பார்க்க வந்து செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு திட்டினார்கள். அண்ணனும் ஒரு நாள் உங்களிடம் எரிந்து விழுந்தார். குழாய் வந்து, மழை விட்டு, பாதை போட்டு முடிக்கப் பல வாரங்கள் ஆகிவிட்டன. பிறகு என் மனையில் நான் கட்டிய வீட்டுக்குக் குடிநீர் இணைப்பு எடுத்த அன்று, ஆட்கள் வந்து ஓரத்தில் இருந்த மூடியைத் திறந்து, குடிநீர்க் குழாயை அந்தக் குறுக்குக் குழாய்க்குள் தள்ளிவிட்டுச் சாயா குடித்துவிட்டுப் போனார்கள். பாதையில் ஒரு கீறல் விழவில்லை.

எல்லாம் சரியாக நடந்துவிட்டது என்று எழுத மாட்டேன். தெருவிளக்கு வர நெடுநாள் ஆயிற்று. இரண்டாவது வீட்டுக்காரர் ஓடை மூடியின் மேல் பூந்தொட்டிகளை அடுக்கி, ஒவ்வொரு மழைக்கும் நாங்கள் போய் எடுக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. தம்பி பல கிறிஸ்துமஸ்களுக்கு வரவில்லை. நீங்கள் ஞாயிறுதோறும் அவன் மனைவியைக் கூப்பிட்டு, பிள்ளைகளிடம் பேசி, அவனைப் பற்றி எதுவும் கேட்காமலே வைத்துவிடுவீர்கள்.

பிறகு உங்களுக்கு வந்த நோய் வெகு சீக்கிரம் வேலையை முடித்துக்கொண்டது. மெடிக்கல் காலேஜில் இனி வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொன்னபோது எங்களைவிட நீங்கள்தான் தயாராக இருந்தீர்கள். கூட வேலை செய்த பெண்கள் வந்து ஊசி போட்டார்கள், மெத்தையை மாற்றினார்கள். அவர்களுடைய வண்டி பாதைக்குள் திரும்பி, பக்கவாட்டு வாசல் வரைக்கும் வந்து நின்றதை நீங்கள் கவனித்தீர்களா என்று எனக்குத் தெரியாது. அந்த நாட்களில் வலி அதிகம்.

தம்பி வந்தான். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். நீங்கள் அவனுடைய மூத்தவளின் படிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். பழைய பேச்சை அவனும் எடுக்கவில்லை, நீங்களும் எடுக்கவில்லை. வெளியே வந்தவன் நேராகப் பின்பக்கம் போய், புது ஒர்க் ஏரியாவில் நின்று அழுதான்.

இப்போது அவன் ஷார்ஜாவை விட்டு வந்துவிட்டான். கடைசியில் இருக்கிற தன் மனையில் வீடு கட்டுகிறான். இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. சென்ற வாரம் அஸ்திவாரத்துக்கு முளைக்குச்சி அடித்திருந்தார்கள். கார் ஷெட்டின் முளைகள் இரண்டும் வண்டி திரும்புவதற்கு விட்ட வெளிக்குள் நின்றன.

அண்ணனிடம் சொன்னேன். "விடு. கூடப்பிறந்தவன், இப்பத்தான் வந்திருக்கான்," என்றார். நீங்கள் போன பிறகு அவருக்கு யாரோடும் மல்லுக்கு நிற்கத் தெம்பில்லை.

நானே போனேன். தம்பி கொத்தனாரோடு நின்றிருந்தான்.

"குச்சி உள்ள வந்திருக்கு," என்றேன்.

"கொஞ்சம்தான் அக்கா. இங்க எந்த லாரி வந்து திரும்பப் போகுது? பிள்ளைய சைக்கிள் ஓட்டுத இடம்."

"செரி, சைக்கிளுக்கே இருக்கட்டு. எடுத்துரு."

அவன் முகம் இறுகியது. மறுபடி அத்தனை வருடம் பேசாமல் போய்விடுவானோ என்று எனக்குப் பயம். "மயினி இருந்தா இப்பிடிச் சொல்லியிருப்பாவளா?" என்று கேட்டான்.

"சொல்லியிருக்க மாட்டாவ. உன்னை எங்கயாவது கூட்டிட்டுப் போயிருப்பாவ. எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்ல. நான் சொல்லத்தான் செய்வேன்."

"எடுக்கலைன்னா?"

"நாளைக்கும் வாறேன். சொல்லிட்டுப் போறேன்."

அவன் கொத்தனாரிடம் திரும்பிக்கொண்டான். நான் கிளம்பப் போய்த் திரும்பினேன். பிறகு, "மரச்சீனிக் கிழங்கு அவிச்சிருக்கேன், மீன் கறியும் உண்டு. உண்ண வா," என்றேன். நீங்களாக இருந்தாலும் அந்த இடத்தில் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள் என்று, சொன்ன பிறகுதான் தோன்றியது. வேண்டாம் என்று சொல்லவும், அதே மூச்சில் சாப்பிடக் கூப்பிடவும் உங்களிடம்தான் கற்றிருக்கிறேன் போலிருக்கிறது. எப்போது கற்றேன் என்று தெரியவில்லை.

பசியில்லை என்றான். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். கறியை இரண்டு முறை சுட வைத்தேன். வெயில் சாய்கிற நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கையெல்லாம் மண். குழாயடியில் கழுவிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் வந்து உட்கார்ந்தான். முளையைப் பற்றி நான் கேட்கவில்லை. கிழங்கைப் பிட்டு வாயில் வைத்துக்கொண்டே அவன்தான் சொன்னான்:

"தள்ளி அடிச்சாச்சு. கறி கொஞ்சம் கூட ஊத்து."