பெட்டி மூடியும் என் எடையும்

ஓசூர், 8 ஜூன் 1969, ஞாயிறு.

படிப்பே வேண்டாமென்று வந்த மகள் சரளா இன்று பெங்களூருக்கே திரும்பிவிட்டாள். காரணம் என் எடை.

வளைந்த தகடு பாரத்தில் எப்படி அமுங்கும் என்பது அவள் ஆராய்ச்சி. தகட்டைச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவாள். பாரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் விடை வராமல் கணக்கு நின்றுவிடுமாம். ஆறு மாதம் அழுதுவிட்டுப் பெட்டியோடு வந்தாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இனி வீட்டோடுதான் என்று தெருவெல்லாம் சொல்லியும்விட்டேன்.

காலையில் அவளுடைய தகரப் பெட்டிமேல் உட்கார்ந்தேன். மேடான மூடி ‘டொம்’மென்று குழிந்தது. எழுந்தால் மறுபடி மேடு.

“அப்பா, இன்னொருக்கா. கையை ஊனி மெதுவா.”

ஸ்கேலோடு தரையில் படுத்துவிட்டாள். தோப்புக்கரணம் போலப் பன்னிரண்டு முறை இறங்கினேன். மூடி துள்ளாமல் அமுங்கியது.

“அந்த ‘டொம்’லதாம்ப்பா என் கணக்கும் நின்னுச்சு. பாரத்தைக் கூட்டினதுதான் தப்பு. அமுங்கறதைக் கொஞ்சங்கொஞ்சமா கூட்டி, அதுக்குப் பாரம் எவ்வளவுன்னு பாக்கணும்.”

“பொண்ணு கூடவே இருப்பான்னு நெனச்சேன். உக்காந்தே கெடுத்துட்டீங்க,” என்றாள் மனைவி.

மாலை பஸ்ஸில் பெட்டியை ஏற்றும்போது மூடியில் என் குழி கொஞ்சம் மிச்சமிருந்தது. தட்டி நிமிர்த்தப் போனேன்.

“இருக்கட்டும்ப்பா,” என்றாள்.