கடலடிக் கப்பலும் பெண்கள் காட்சியும்

1937 யூன் 28, திங்கள்

பள்ளிக்கூடத்தால் வந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கையில் லயனல் அண்ணை மெதுவாகக் கதையைத் தொடங்கினார். அவர் படம் காட்டும் மெசின் ஓட்டுகிற சாவகச்சேரிப் படக்கொட்டகையில் சனிக்கிழமை பின்னேரங்களில் பெண்களுக்கு மட்டும் ஒரு காட்சி வைக்க முதலாளி பரமலிங்கம் யோசிக்கிறாராம். படம் பேசுவது இங்கிலீசு. திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் கதை சொல்ல ஒரு பெண் வேண்டும்.

"நீ சொல்லுவியோ?"

ஓம் என்றுவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? மூன்றாம் வகுப்பு வாத்தியார் அம்மா படக்கொட்டகையில் நிற்கிறா என்று ஊர் சொல்லாதா? சொல்லட்டும்.

யூன் 30

நான் ஓம் என்றதிலிருந்து அம்மா என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போடுகிறா.

யூலை 1

வெறும் கொட்டகையில் அண்ணை எனக்காகவே படத்தை ஓட்டிக் காட்டினார். கடலுக்கு அடியில் ஓடும் கப்பல் ஒன்று மேலே போகும் கப்பலில் மோதித் தாண்டு, கடலடியில் மூழ்கிப்போகிறது. ஒரு சின்ன அறைக்குள் கப்பற்காரர் அடைபட்டுக் கிடக்கிறார்கள். மூச்சுவிடக் காற்றுக் குறைகிறது. சுழியோடி ஒருவன் கீழே இறங்கிக் கப்பலின் இரும்பில் தட்டுகிறான் — உள்ளேயிருந்து பதிலுக்குத் தட்டுகிறார்கள். அந்த இடத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன். எழுந்தது எனக்கே தெரியாது.

கடைசியில் சங்கிலி கட்டிக் கப்பலின் வால்பக்கத்தை நீருக்கு மேலே இழுத்து, ஓட்டை வெட்டி, ஆட்களை வெளியே எடுக்கிறார்கள். ஆனால் பம்பை ஓட்டிக்கொண்டு நின்ற வயதான மெசின்காரர் வரவில்லை. அவர் பம்பை விட்டால் மற்றவர்கள் மூழ்கிப்போவார்கள்.

இதை எப்படிச் சொல்வேன்? நீர்மூழ்கி என்றால் யாருக்கு விளங்கும்?

யூலை 3, சனி

சொன்னேன்! தொண்டை கட்டிவிட்டது, ஆனாலும் எழுதாமல் படுக்க மாட்டேன்.

கச்சாயிலிருந்தும் மீசாலையிலிருந்தும் வண்டிகட்டி வந்திருந்தார்கள். கைக்குழந்தைகள், வெற்றிலைப் பெட்டிகள், ஒரே இரைச்சல். கடலுக்கு அடியில் ஓடுகிற கப்பல் என்று தொடங்கியதுமே ஒருத்தி, மேலே இடமில்லாமலோ அடியில் ஓடுகிறது என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு நடுக்கம் போய்விட்டது. சண்டைக்காகச் செய்த கப்பல், ஒளிந்து போக வேண்டும் என்றேன். அதற்குப் பிறகு அவர்கள் என்னை விடவில்லை. முதலில் கட்டிய சங்கிலி அறுந்தபோது கொட்டகை முழுவதும் ஒரே மூச்சாக "ஐயோ" என்றது. வகுப்பில் ஒருநாளும் இப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை.

அடுத்த சனியும் இதே படம். இன்னும் ஆட்களைக் கூட்டி வருவார்களாம்.

யூலை 5

பள்ளிக்கூட மனேச்சர் நேசையா ஐயா கூப்பிட்டனுப்பினார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மிசன் பள்ளிக்கூடத்தின் பெயர், பெற்றோரின் நம்பிக்கை, எல்லாம் சொன்னார். கடைசியில், "கொட்டகையோ பள்ளிக்கூடமோ, ரண்டிலை ஒண்டு. உம்மடை முடிவைச் சொல்லும்" என்றார்.

இந்தச் சனிக்கிழமைக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், அதன் பிறகு சொல்கிறேன் என்றேன். வெளியே வந்து கிணற்றடியில் நின்று அழுதேன். அண்ணையின் சம்பளம் மட்டும் வீட்டுக்குப் போதாது. பிள்ளைகளையும் விட ஏலாது. கொட்டகையையும் விட ஏலாது — ஏன் ஏலாது? ஒரு படம்தானே?

யூலை 8

அம்மா வாய் திறந்தா. "அந்தக் கிழவன் ஏன் வெளியிலை வரேல்லை?" என்று கேட்டா. யாரோ சொல்லியிருக்கிறார்கள். முழுக்கதையும் சொன்னேன். கறி அடிப்பிடித்துவிட்டது.

யூலை 10, சனி

எப்படி எழுதுவேன்?

காட்சி தொடங்கும் நேரம் முன்வாங்கில் முக்காடு போட்டு ஒருவர் வந்து இருந்தார். அருமைநாயகி அம்மா. மனேச்சரின் மனைவி! வேவு பார்க்க அனுப்பியிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். பள்ளிக்கூடம் போனதுதான், இனி என்ன, நன்றாகவே சொல்லிவிட்டுப் போவோம் என்று தொடங்கினேன்.

மெசின்காரர் பம்படியில் நிற்கும் இடத்தில் படத்தின் சத்தம் செத்துப்போயிற்று. படம் ஓடுகிறது, பேச்சில்லை. இவ்வளவு நேரமும் அவர்கள் பேசுவதைக் கேட்டு அதைத்தான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எதைச் சொல்வது? திரும்பி அண்ணையின் மெசினடியைப் பார்த்தேன். பின்னால் பெண்கள் எழும்பத் தொடங்கினார்கள். அப்போது முன்வாங்கிலிருந்து குரல் வந்தது. முக்காடு விலகியிருந்தது, எல்லோரும் ஆளை அடையாளம் கண்டுகொண்டார்கள்.

"சுகிர்தம், நிப்பாட்டாதையும். உள்ளுக்கை நிக்கிற மனிசனுக்கு என்ன நடக்குது எண்டு சொல்லும்."

சொன்னேன். தண்ணீர் இடுப்புக்கு வந்ததை, நெஞ்சுக்கு வந்ததை, மேலே மற்றவர்கள் ஒவ்வொருவராக வெளியேறும் காலடிச் சத்தம் அவருக்குக் கேட்பதை. படத்தில் சத்தம் இல்லை, என்னுடைய குரல் மட்டும்தான். ஒரு குழந்தைகூட அழவில்லை. எழும்பியவர்கள் நின்றபடியே கேட்டார்கள்.

முடிந்து எல்லோரும் போன பிறகும் அருமைநாயகி அம்மா இருந்தார். நான் கிட்டப் போனேன்.

"அந்தாள் பயந்தவரோ, பிள்ளை?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் திரையில் அந்த முகத்தை நான் பார்த்தேனே. "பயந்தவர்தான் அம்மா. ஆனாலும் கையை எடுக்கேல்லை" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்தார். "என்ரை தம்பி பெரிய சண்டைக் காலத்திலை கப்பலிலை கரியள்ளிப் போட்டு நெருப்பெரிக்கப் போனவன். கப்பல் தாண்டுபோச்சுது எண்டு மட்டும்தான் எங்களுக்குச் சொன்னவை. உள்ளுக்கை என்ன நடந்திருக்கும் எண்டு ஒருத்தரும் என்னோடை கதைக்கேல்லை. நானும் கேக்கேல்லை."

வண்டிவரை கூட்டிக்கொண்டு போய் ஏற்றிவிட்டேன். சந்தோசமா, துக்கமா? இரண்டும்தான்.

யூலை 12

முடிவைச் சொல்ல மனேச்சரிடம் போனேன். கொட்டகையை விட மாட்டேன், வேலையை எடுப்பதென்றால் எடுங்கள் என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அவர் எனக்கு வாய் திறக்க இடம் தரவில்லை. மழைக்கு முன் மூன்றாம் வகுப்புக் கூரை வேய வேண்டும் என்று அதைப் பற்றியே பேசி அனுப்பிவிட்டார்.

யூலை 17

இன்று ஒரு சிரிப்புப் படம். சொல்வது இன்னும் கடினம்.

ஓகஸ்ட் 6, வெள்ளி

நாளைக்குப் புதுப்படம் என்று அண்ணை சொன்னார்; நேற்றே பார்த்துவிட்டேன். இன்று பெருக்கல் வாய்ப்பாடு நடந்துகொண்டிருக்கும்போது மனேச்சர் ஐயா வகுப்பு வாசலில் வந்து நின்றார். பிள்ளைகள் எழும்பினார்கள். என்னை வெளியே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாளைக்குப் போடுற படத்திலை சாவு ஏதும் இருக்கோ?"

ஒன்று இருக்கிறது என்றேன்.

"அப்ப கொட்டகையிலை அருமைநாயகியைத் தனிய இருக்க விடாதையும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.